மலாவியில் குடும்பக் கட்டுப்பாடு கிளினிக்கில் தன்னார்வலராகப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவேரிக்கரை செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், மங்கோச்சி மாவட்டத்தில், ஒரு குடும்பக் கட்டுப்பாடு கிளினிக்கில் ஆறு வாரம் தன்னார்வலராக இருக்க ஒரு ஏஜென்சி மூலம் வாய்ப்பு வந்திருக்கிறது. டிக்கெட், தங்குமிடம், ஏஜென்சிக்கான கட்டணம் எல்லாம் என் கைக்காசுதான். ஒன்றரை வருடமாகச் சேர்த்து வைத்த பணம் இருக்கிறது.

ஏன் இந்த ஆசை என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். போன வருடம் எங்கள் வார்டில் ஒரு பெண். மூன்றாவது பிரசவம், வயது இருபத்திரண்டு. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடுத்தது தள்ளிப்போக ஏதாவது கொடுங்க, வெளியில நிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். டாக்டரிடம் சொல்வதற்குள் மாமியார் வந்து டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் இந்த வேலையைத்தான் முழுதாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

ஏஜென்சி அனுப்பிய தாளில், "முன் அனுபவம் தேவையில்லை, முதல் வாரத்திலேயே கையில் இம்பிளான்ட் வைக்கப் பழகலாம்" என்று போட்டிருக்கிறார்கள். காப்பர் டி வைக்கும்போது கூட நின்று உதவியிருக்கிறேன். இம்பிளான்ட் என்கிற, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே உண்மையில் என்ன வேலை இருக்கும்? என்னால் யாருக்காவது பயன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஏலகிரி வாசி:

நல்ல எண்ணம்தான், ஆனால் கடல் தாண்டி எதற்கு? ஜவ்வாது மலையில் பதினாறு வயதில் கல்யாணம், பதினேழில் பிரசவம் இன்னும் நடக்கிறது. அந்தப் பணத்தில் இங்கேயே ஒரு வருடம் வேலை செய்யலாம். மொழியும் பிரச்சினை இல்லை.


ஏரிக்கரை:

ஏலகிரி நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். நான் மலாவியில் சில வருடம் பொதுச் சுகாதார வேலையில் இருந்தவன். சோம்பாவில் குடியிருந்தேன், மங்கோச்சிப் பக்கம் அடிக்கடி போய் வருவேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒன்றுமே இல்லை, வெளியிலிருந்து போகிறவர்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்ற நினைப்போடு போகாதீர்கள். அந்த நாட்டின் முதல் அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டா ஆட்சியில் நெடுங்காலம் கருத்தடைக்கே தடை. 1982இல்தான், அதுவும் பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கு என்று சொல்லி, அனுமதித்தார்கள். 1992இல் மணமான பெண்களில் நூற்றுக்கு 7 பேர்தான் நவீன முறை எதையாவது பயன்படுத்தினார்கள். 2015-16 கணக்கெடுப்பில் அது 58. ஒரு பெண்ணுக்குச் சராசரி 6.7 பிள்ளை என்பது 4.4க்கு இறங்கியது. இவ்வளவும் நடந்தது அந்த ஊர் ஊழியர்களால்.

அவர்களில் முக்கியமானவர் எச்.எஸ்.ஏ. என்று அழைக்கப்படும் ஊழியர். நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் செய்கிற வேலையில் பாதி, மலேரியாப் பணியாளர் செய்கிற வேலையில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களும் உண்டு. நர்சிங் படிப்பு கிடையாது, சில வாரப் பயிற்சிதான். சைக்கிளில் ஊர் ஊராகப் போவார்கள். மூன்று மாதக் கருத்தடை ஊசியை இவர்களே போடலாம் என்று 2008இல் அரசு அனுமதி கொடுத்தது. 2015-16 கணக்கெடுப்பின்படி, கருத்தடை செய்துகொண்ட பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்த ஊசியைத்தான் போட்டுக்கொண்டார்கள்.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்றால், காலை ஏழரைக்கெல்லாம் பெண்கள் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். முதுகில் சித்தெஞ்சே துணியில் கட்டிய குழந்தை, கையில் ஒரு சின்ன நோட்டு. அதற்கு ஹெல்த் பாஸ்போர்ட் என்று பெயர். ஒருவருடைய மருத்துவக் குறிப்பு மொத்தமும் அந்த நோட்டில்தான் இருக்கும், நோயாளியே வைத்துக்கொள்வார். முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டு, கைதட்டல். அப்புறம் நர்ஸ் மாத்திரை, ஊசி, இம்பிளான்ட், லூப், ஆணுறை எல்லாவற்றையும் கையில் எடுத்துக் காட்டிப் பேசுவார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே.

உள்ளே நான் பார்த்த நல்ல நர்ஸ்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "நோட்டில் எழுதட்டுமா, வேண்டாமா?" ஏனென்றால் அந்த நோட்டை வீட்டில் கணவன் புரட்டிப் பார்ப்பான். வேண்டாம் என்று சொல்கிற பெண்ணுக்குத் தனியாக ஒரு அட்டை போட்டுக் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்வார்கள். மங்கோச்சியில் ஆண்கள் நிறையப் பேர் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வருடக் கடைசியில் ஊருக்கு வருவார்கள். அதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ள ஒரு கூட்டம் வரும். கல்ஃப் கணவர்கள் உள்ள நம் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

இம்பிளான்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வாரத்துக்கு வருகிற ஒருவர் கையில் அதைக் கொடுக்கிற இடத்துக்குப் போகாதீர்கள். குச்சியை வைப்பது சில நிமிட வேலை. சரியான ஆழத்தில், தோலுக்கு நேர் கீழே வைக்கவில்லை என்றால் எடுக்கும்போது அது கைக்குத் தட்டுப்படாது. ஜடெல் என்றால் ஐந்து வருடம், இம்பிளனான் என்றால் மூன்று வருடம் கழித்து எடுக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள். தசைக்குள் போய்விட்ட குச்சியைத் தேடி அந்தப் பெண் மினிபஸ் பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருப்பாள்.

2013இல் இம்பிளான்ட் விலை பாதியாகக் குறைந்து எட்டரை டாலருக்கு வந்தது. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கில் வைத்தார்கள், அது நல்லதுதான். ஆனால் வைப்பதற்குக் கொடுத்த அளவு பயிற்சியை எடுப்பதற்குக் கொடுக்கவில்லை. அதனால் ஏஜென்சியிடம் இதைக் கேளுங்கள்: ஒரு பெண் வந்து, வைத்து நான்கு மாதம்தான் ஆகிறது, எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிடு என்றால் அன்றைக்கே எடுப்பீர்களா? யார் எடுப்பார்? காசு வாங்குவீர்களா? இந்தப் பதிலை வைத்தே அந்தக் கிளினிக் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடலாம். வைத்துவிட்டு எடுக்க மறுக்கிற இடம் அந்தப் பெண்ணின் விருப்பத்துக்காக நடக்கவில்லை, வேறு யாருடைய கணக்குக்காகவோ நடக்கிறது.

இன்னொன்று, அங்கே நீங்கள் செவிலியாக ஒருவரைத் தொட வேண்டுமென்றால் மலாவி நர்ஸ் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். ஏஜென்சி அதைப் பற்றிப் பேசியதா?


காவேரிக்கரை செவிலி:

ரொம்ப நன்றி சார். பதிவு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் சொன்ன கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் சொல்கிறேன். இம்பிளான்ட் இல்லாமல் அங்கே எனக்கு வேறு என்ன வேலை இருக்கும்?


ஏரிக்கரை:

நிறைய இருக்கிறது. பி.பி. பார்ப்பது, பதிவேடு, கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவ் செய்வது, மருந்து இருப்புக் கணக்கு. இதையெல்லாம் யாராவது எடுத்துக்கொண்டால் அங்கே இருக்கும் ஒரே நர்ஸுக்கு ஒவ்வொரு பெண்ணோடும் இன்னும் ஐந்து நிமிடம் பேச நேரம் கிடைக்கும்.

ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு, அதை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். பல நாடுகளில் பெண்களை, "உனக்கு இப்போது தூரம் இல்லை, கர்ப்பமாக இருந்தாலும் இருப்பாய், தூரமானதும் வா" என்று திருப்பி அனுப்புகிற வழக்கம் இருந்தது. இரண்டு மணி நேரம் நடந்து வந்தவளுக்கு அதைச் சொன்னால் அடுத்த முறை அவள் வருவது வயிற்றில் பிள்ளையோடுதான். கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட் கிட் இல்லாமலே தெரிந்துகொள்ள இந்தக் கேள்விகள் போதும்: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வந்து, பிரசவத்துக்குப் பிறகு தூரமும் வராமல் இருக்கிறாயா, கடைசித் தூரத்துக்குப் பிறகு உறவே இல்லையா, பிரசவமாகி நான்கு வாரத்துக்குள்தானா, ஏழு நாளுக்குள் தூரம் தொடங்கியதா, ஏழு நாளுக்குள் கரு கலைந்ததா, நம்பகமான கருத்தடை ஒன்றை விடாமல் பயன்படுத்தி வருகிறாயா. ஒன்றுக்கு ஆம் என்று சொல்லி, கர்ப்பத்துக்கான அறிகுறியும் இல்லை என்றால் பெரும்பாலான முறைகளை அன்றைக்கே கொடுத்துவிடலாம்.

அப்புறம், தானே போட்டுக்கொள்ளும் ஊசி. இதில் மங்கோச்சிக்கே ஒரு தனி இடம் உண்டு. அந்த மாவட்டத்துக் கிராமக் கிளினிக்குகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஊசியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தாங்களே போட்டுக்கொண்ட பெண்களில் 73 சதவீதம் பேர் ஒரு வருடம் வரை தொடர்ந்தார்கள். ஊழியரிடம் வந்து போட்டுக்கொண்டவர்களில் தொடர்ந்தவர்கள் 45 சதவீதம்தான். மருந்து ஒன்றேதான். நடையும் காத்திருப்பும் மிச்சம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்தும் ஊசியும் சேர்ந்தே இருக்கும், சின்ன பிளாஸ்டிக் குமிழ். அரை நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். மூடியைக் குமிழின் பக்கம் அழுத்தி இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். பிறகு மூடியைக் கழற்றி, வயிற்றிலோ தொடையிலோ தோலைக் கிள்ளிப் பிடித்துக் குத்தி, குமிழை மெதுவாக ஐந்தாறு விநாடி அழுத்த வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் உப்பு நிரப்பிய ஆணுறையில் குத்திப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி தன் பேத்திக்குத் துணையாக வந்தவர், தானும் ஒரு முறை குத்திப் பார்க்கிறேன் என்று வாங்கிக் குத்தினார். சொல்லிக்கொடுக்கும் இந்த வேலைக்குப் பொறுமைதான் வேண்டும். உங்களுக்கு அது இருக்கும் என்று நினைக்கிறேன்.


செஞ்சி அம்மா:

பாப்பா, நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். விழுப்புரம் பக்கம் சப்சென்டரில்தான் என் காலம் முழுக்கப் போனது. ஏரிக்கரை தம்பி சொன்ன "எடுத்துவிடு" விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் காலத்தில் டார்கெட் என்று ஒன்று இருந்தது. ஒரு சப்சென்டருக்கு வருடத்துக்கு இத்தனை ஆபரேஷன், இத்தனை காப்பர் டி. மார்ச் மாதம் வந்தால் எங்களில் யாருக்கும் தூக்கம் இருக்காது. மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள். சம்பளத்தை நிறுத்துவேன் என்பார்கள். ஊரில் எங்களைக் கண்டாலே கதவைச் சாத்துகிற வீடுகள் உண்டு. காய்ச்சல் மாத்திரை கொடுக்கப் போனாலும், "ஆபரேஷனுக்குக் கூப்பிட வந்திருக்கா" என்பார்கள். 1996 ஏப்ரலில் நாடு முழுக்க அந்த டார்கெட்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறைய வீடுகளில் எங்களுக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைத்தது.

காப்பர் டி வைத்த பெண் உதிரப்போக்கு தாங்கவில்லை, எடுங்கள் என்று வந்தால், "கொஞ்ச நாள் பாரும்மா, பழகிடும்" என்று அனுப்பிவிடுவது பல இடங்களில் நடந்தது. எடுத்தால் கணக்கில் ஒன்று குறையுமே என்ற பயம். அப்படித் திரும்பிப் போனவள் சும்மா இருக்க மாட்டாள். குழாயடியில் சொல்வாள். அந்தத் தெருவிலிருந்து அப்புறம் ஒருத்தியும் காப்பர் டிக்கு வரமாட்டாள். கேட்டதும் எடுத்துவிட்டால், "பிடிக்கலைன்னா எடுத்துடுவாங்கடி, பயப்படாம போ" என்று அவளே இன்னொருத்தியை அனுப்பி வைப்பாள். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஊசி போட்டால் தூரம் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றே போகும். இதை முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "அழுக்கு ரத்தம் உள்ளேயே தங்கி வயித்துல கட்டியாயிடும்" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். கட்டி கிட்டி ஒன்றும் ஆகாது, கர்ப்பப்பையின் உள்தோல் வளராததால் வெளியே வர ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஊசியை நிறுத்தினாலும் பிள்ளை தங்க எட்டு பத்து மாதம்கூட ஆகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடு. அடுத்த வருடமே பிள்ளை வேண்டும் என்கிறவளுக்கு அது சரிப்படாது.

ஏலகிரித் தம்பி சொன்னதும் உண்மைதான். நம் ஊரில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஆயிரத்துக்கு ஒருவர். இருபத்தைந்து வயதுக்குள் இரண்டு பெற்று ஆபரேஷன் முடித்துக்கொண்டு, நடுவில் தள்ளிப்போட வழி உண்டு என்று தெரியாமலே போன பெண்கள் எத்தனையோ பேர். 2017இலிருந்து அரசாங்கமே அந்தரா என்ற மூன்று மாத ஊசியும் சாயா மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கிறது. உன் வார்டில் கையைப் பிடித்தாளே, அந்தப் பெண்ணுக்குச் சாயா போதுமே. ஹார்மோன் இல்லை, தாய்ப்பாலுக்கும் பாதகம் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. கேட்டுப் பார், எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது என்று.


காவேரிக்கரை செவிலி:

அம்மா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் மருத்துவமனையில் சாயா வைத்திருக்கவே இல்லை. நேற்று டியூட்டியில் கேட்டுப் பார்த்தேன், கூட இருந்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் பெயரே தெரிந்தது.


நிலக்கணக்கு:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பிலேயே ஒரு பெண்ணுக்கு 1.8 பிள்ளை என்று ஆகிவிட்டது. மக்கள்தொகையை வைத்துத் தொகுதி மறுவரையறை செய்தால் நமக்கு எம்.பி. பங்கு குறையும். 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் கல்யாணத்தில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலினே சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். நாம் செய்த குடும்பக் கட்டுப்பாடு நமக்கே தண்டனையாக வந்து நிற்கிறது. இப்போது ஆப்பிரிக்கக்காரர்களிடம் போய் அதையே செய்யச் சொல்வதா? பணம் எல்லாம் மேற்கு நாடுகளிலிருந்து வருகிறது. கறுப்பர்கள் பெருகக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணம். ஒரு தமிழ்ப் பெண் அதற்குக் கருவியாகப் போக வேண்டுமா?


ஏரிக்கரை:

உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். நம் நாட்டிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. நெருக்கடி நிலையில் 1976-77 ஒரே வருடத்தில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன், பெரும்பாலும் ஆண்களுக்கு. ரேஷன் அட்டை, வேலை, லைசென்ஸ் என்று எதையெல்லாமோ காட்டி மிரட்டிச் செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பதின்மூன்று பேராவது இறந்தார்கள். எல்லோரும் ஏழைப் பெண்கள். அதன் பிறகு 2016இல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களை மூன்று வருடத்துக்குள் நிறுத்தச் சொன்னது. எண்ணிக்கையைக் குறைக்கக் கிளம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் நீங்கள் சொல்லும் மறுபக்கமும் அதே கணக்குதானே? இரண்டோடு நிறுத்து என்று சொன்ன அதே அரசு, இப்போது எம்.பி. இடத்துக்காகக் கூடப் பெறு என்கிறது. இரண்டு முறையும் அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தொகுதியும் தெரியாது, உலக மக்கள்தொகையும் தெரியாது. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இன்னொரு மழைக்காலத்தைத் தாண்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மலாவியில் 2015-16 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 439 தாய்மார்கள் இறந்தார்கள். பிள்ளை வேண்டும் என்று வருகிறவளுக்குக் குச்சியை எடுத்துவிட்டு வாழ்த்தி அனுப்புவதும் அதே கிளினிக்கின் வேலைதான்.

மேற்கத்தியப் பணம் பற்றி ஒன்று சொல்கிறேன். இந்த வேலை வெள்ளைக்காரர்கள் மட்டும் தொடங்கியது அல்ல. 1952இல் பம்பாயில் கூடிய மாநாட்டில்தான் உலக அளவிலான குடும்பக் கட்டுப்பாட்டுச் சம்மேளனம் பிறந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் நம் நாட்டுத் தன்வந்தி ராமராவ். அதே வருடம் இந்தியா தன் தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. பணம் கொடுக்கிறவர்கள் கையில் குடுமி இருக்கிறது என்பது மட்டும் உண்மை. கருக்கலைப்பு பற்றிப் பேசும் அமைப்புகளுக்கு உதவி கிடையாது என்று 1984இல் அமெரிக்கா போட்ட விதி, அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் போவதும் வருவதுமாக இருக்கிறது. 2025இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டபோது, ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டிய சுமார் 97 லட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைப் பொருள்கள் பெல்ஜியத்துக் கிடங்கில் மாட்டிக்கொண்டன. அவற்றை எரித்துவிடப் போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஊசிக்காக நடந்து வந்த பெண்ணிடம் "இருப்பு இல்லை" என்று எச்.எஸ்.ஏ. சொல்ல வேண்டியிருக்கிறதே, எனக்குக் கோபம் அங்கேதான்.


நிலக்கணக்கு:

எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தொகுதி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம்.


வடமராட்சி:

வணக்கம் தங்கச்சி. நான் இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். சனம் எங்களை மருத்துவமாது என்றுதான் கூப்பிடும். மொழிபெயர்ப்பு பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்குத் தெற்கில் ஒரு கிளினிக்கில் கொஞ்சக் காலம் வேலை. டொக்டருக்குச் சிங்களம் மட்டும் தெரியும், மலையகத்திலிருந்து வந்த பெண்ணுக்குத் தமிழ் மட்டும் தெரியும். நடுவில் நின்று கதை மாற்றுவது அங்கே கூட்டுகிற ஆள். அந்தப் பிள்ளை கண் கலங்க இரண்டு நிமிஷம் ஏதோ சொல்லும். அந்த ஆள் திரும்பி, "ஊசி வேணுமாம்" என்று ஒரு சொல்லில் முடிப்பார். மிச்சம் எல்லாம் எங்கே போச்சு? புருஷன் அடிக்கிறதைச் சொன்னாளோ, தலையிடியைச் சொன்னாளோ, ஆருக்கும் தெரியாது.

நீங்கள் போகிற இடத்தில் உங்களுக்குப் பாஷை தெரியாது. மொழிபெயர்க்கிறது ஆர் என்று முதலே கேளுங்கோ. அந்த ஊர்ப் பெண் ஒருவர், இரகசியம் காக்கிறவர், பெண்ணுக்குச் சொந்தக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ இல்லாதவர் வேண்டும். ஒருக்காலும் அவளுடைய பிள்ளையை நடுவில் வைத்துக் கதைக்க வேண்டாம். பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கதையுங்கோ, மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டாம்.


கோவை கிடங்கு:

நான் மருத்துவத் துறை இல்லை, மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில் மேலாளர். என்னைப் போன்றவர்களுக்கு இதில் வேலை உண்டா? இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள்.


ஏரிக்கரை:

உங்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்! பெல்ஜியத்துக் கதையை விடுங்கள், மாவட்டக் கிடங்கில் பெட்டி நிறைய இருக்கும்போதே பத்து மைல் தள்ளியுள்ள கிளினிக்கில் தீர்ந்து போயிருக்கும். இம்பிளான்ட் இருக்கும், மரத்துப்போக ஊசி இருக்காது. இரண்டும் இருக்கும், கையுறை இருக்காது. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வந்தவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். காலாவதித் தேதி முந்துவது முன்னால் வரும்படி அடுக்குவது, ஸ்டாக் கார்டில் மாத இறுதியில் சரி பார்ப்பது, எவ்வளவு மிஞ்சும்போது அடுத்த ஆர்டர் போடுவது என்று ஒரு அளவு வைப்பது. இதெல்லாம் நீங்கள் தினமும் செய்கிற வேலை. இதில் வெளியாள் ஒருவர் ஆறு வாரத்தில்கூட நிலைத்து நிற்கிற உதவியைச் செய்துவிட்டு வரலாம், அங்கேயே ஒருவரைப் பழக்கிவிட்டு வந்தால்.

ஆண் என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஆண்களோடு உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பதே கஷ்டம். மரத்தடியில் பாவோ என்று ஒரு பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பார்கள், நம் பல்லாங்குழி போல. கூட உட்கார்ந்தால் தானாகப் பேச்சு வரும்.


காவேரிக்கரை செவிலி:

எல்லோருக்கும் தகவல். ஏஜென்சியிடமிருந்து பதில் வந்துவிட்டது.

எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா என்பதற்கு, "முழுக் காலமும் வைத்திருக்கும்படி ஊக்கப்படுத்துவோம்" என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடி கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. நர்ஸ் கவுன்சில் பதிவு தன்னார்வலர்களுக்குத் தேவைப்படாது என்கிறார்கள். மொழிபெயர்ப்பு, "அங்கே இருப்பவர்கள் யாராவது உதவுவார்கள்". முன்பணம் கட்டாததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நிம்மதி, அம்மாவுக்கு அதைவிட.

ஆனால் விடவில்லை. எங்கள் கல்லூரி மேடம் ஒருவர் மூலம் அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பேசினேன். ஆறு வாரத்துக்கு ஆள் வேண்டாம், குறைந்தது ஆறு மாதம் என்றால் வா என்கிறார்கள். கவுன்சில் பதிவுக்கு அவர்களே கடிதம் தருவார்கள். வந்த பிறகு அந்த ஊர் நர்ஸிடம் முதலில் இம்பிளான்ட் எடுக்கப் பழகி, அவர் சரி என்று சொன்னால்தான் வைக்கவே விடுவார்களாம். இதைக் கேட்டதும் உங்கள் ஞாபகம்தான் வந்தது, ஏரிக்கரை சார்.


ஏரிக்கரை:

இது சரியான இடம் போலத் தெரிகிறது. ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், எந்தச் சபையின் ஆஸ்பத்திரி? கத்தோலிக்க மிஷன் என்றால் ஊசி, மாத்திரை, இம்பிளான்ட் எதுவும் அங்கே தரமாட்டார்கள், இயற்கை முறை மட்டும்தான். மற்றச் சபைகள் பொதுவாகத் தருவார்கள். அங்கே கருக்கலைப்புக்குச் சட்டம் மிகவும் இறுக்கம். அதைப் பற்றி யார் கேட்டாலும் பொறுப்பு நர்ஸிடம் அனுப்புங்கள், நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம்.

ஆடிஸ் அபாபா வழியாகப் போவதாக இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, மஞ்சள் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும், பயணத் தேதிக்கு முன்பே போய்விடுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் கரையோரத் தண்ணீரில் இறங்க வேண்டாம், நத்தையிலிருந்து வரும் ஒட்டுண்ணி நோய் உண்டு.


காவேரிக்கரை செவிலி:

பிரஸ்பிட்டேரியன் சபை சார். கேட்டுவிட்டேன், எல்லா முறையும் தருகிறார்கள். பதிவு வர மூன்று நான்கு மாதம் ஆகுமாம்.


செஞ்சி அம்மா:

அந்த மூன்று நான்கு மாதத்தை வீணாக்காதே பாப்பா. உன் வீட்டுக்குப் பக்கத்துப் பி.எச்.சி.யில் அந்தரா போடுகிற நாள் எது என்று கேள். மெடிக்கல் ஆபீசரிடம் முறையாக அனுமதி வாங்கி, வார விடுமுறை அன்றைக்குப் போய் அந்தச் செவிலியர் கூட உட்கார். முதலில் வாயைத் திறக்காமல் கேள். உங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் சாயா வாங்கி வைக்கச் சொல்லி ஒரு கடிதமும் கொடு. மாமியார்களிடம் எப்படிப் பேசுவது என்று வேண்டுமானால் எனக்குத் தனிச் செய்தி அனுப்பு, அது இங்கே எழுதி முடியாது.


ஏலகிரி வாசி:

அம்மா, அந்தத் தனிச் செய்தியை எனக்கும் அனுப்புங்கள். எங்கள் மலையடிவாரத்தில் இரண்டு ஆஷா பணியாளர்களுக்கு அது இப்போதே தேவைப்படுகிறது.